மாமனாரை உட்கார வைத்த புதன்கிழமை

எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். இடுப்பு முறிந்து மாமனார் படுக்கையில் விழுந்த பிறகும் நானும் கணவரும் விடியுமுன் பால் வெட்டப் போயாக வேண்டும். திரும்பி வந்துதான் அவரைக் கழுவித் துடைத்து, கஞ்சி ஊட்டுவேன். முதுகுக்குக் கீழே புண் வந்து அழுகிப் போயிற்று. அதை வெட்டி எடுத்து மருந்து கட்டுவது என்னால் ஆகாத வேலை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் சிங்களவரான டிஸ்பென்சர் மாத்தயா மனமிரங்கி, புதன்கிழமைதோறும் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கே வந்து கட்டினார். புண் சுருங்கத் தொடங்கியது.

அப்போதுதான் நாத்தனார் வந்து சேர்ந்தாள். மாவனல்லையில் கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்ட மகாராணி. மூத்திரத் துணியைப் பார்த்ததும் அவளுக்கு மானம் போய்விட்டது. அப்பா கிடக்கிற கிடைக்காக அல்ல. அதை வெளி ஆள் வந்து பார்க்கிறானே என்று.

புதன்கிழமை பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு ஓடி வந்தால், மாமனார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, அறை முழுக்கச் சாம்பிராணி. உடம்பின் பாரம் மொத்தமும் அந்தப் புண்ணின் மேல். கண்ணில் தண்ணீர் நிற்கிறது.

வாசலில் நின்ற மாத்தயாவிடம் நாத்தனார் சிங்களத்தில் பொரிந்துகொண்டிருந்தாள். கடையில் பழகிய சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்டபாடு. எனக்குக் கேட்டால் புரியும், பேச வராது. புண் ஆறிவிட்டது, இனி நாங்களே பார்த்துக்கொள்வோம் என்கிறாள்.

"பொய் மாத்தயா! அவுத்துப் பாருங்க!" என்று கத்தினேன்.

"அப்பாவப் பாக்க ஒடம்பு வணங்காதவ, அதான் உங்கள இழுத்தடிக்கிறா" என்று அதையும் சிங்களத்தில் சொன்னாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "நல்லா இருக்கேன்னு சொல்லுங்கப்பா" என்றாள். அவரும் தலையாட்டினார். மகளை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை, பாவி மனுஷனுக்கு.

பெற்ற மகளே சொன்ன பிறகு மாத்தயாவுக்கு என்ன? மேடு ஏறும் வேலை மிச்சம். மறுநாள் அவளும் பஸ் ஏறிவிட்டாள். கணவர் மாத்தயாவிடம் போய்க் கெஞ்சியதற்கு, வேண்டுமானால் டிஸ்பென்சரிக்குத் தூக்கி வரச் சொன்னாராம். முறிந்த இடுப்போடு தூக்கினோம். பாதி வழியில் மாமனார் போட்ட சத்தத்தில் திரும்பிவிட்டோம். சீழ் எலும்புவரை போய், மாதம் முடியுமுன் செத்தார்.

சாவு வீட்டில், "எங்கப்பாவ அழுக விட்டுட்டாளே!" என்று நாத்தனார் மாரடித்தாள். லயமே என்னைப் பார்த்தது. மாத்தயாவும் வந்திருந்தார். மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார்:

"புண் இருக்குன்னு நீங்க சொல்லியிருக்கணும்."