வெரி இல்லாத குட்

கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் ஆசிரியை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகளுக்கு நடத்தைச் சான்றிதழ் எழுதுவது என் வேலை. எல்லோருக்கும் ‘வெரி குட்’ என்றுதான் எழுதுவோம். ‘குட்’ மட்டும் இருந்தால் கல்லூரியில் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் ஒருத்திக்கு மட்டும் வேண்டுமென்றே ‘வெரி’யை விட்டுவிட்டேன். அசுத்தம் செய்கிறார்கள் என்று மாணவிகளின் கழிப்பறையைப் பூட்டி வைத்திருந்தோம். சாவி என் கைப்பையில் இருந்தது. திறக்கச் சொல்லி எல்லோர் முன்னாலும் என்னிடம் சண்டை போட்டவள் அவள்.

திராட்சைத் தோட்டத்து வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு அவள் அம்மா வந்தார்.

“எல்லாத்துக்கும் வெரி குட்டு போட்டுருக்காக. எம்மகளுக்கு மட்டும் ஏன் டீச்சர் இப்பிடி?”

“மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க. சேத்து எழுதித் தாரேன்” என்று பேனாவைத் திறந்தேன்.

மகள் சான்றிதழை என் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“அந்த வெரி ஒங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர். காலேஜ்ல கேட்டா, கக்கூஸத் தொறக்கச் சொன்னேன்னு சொல்லிக்கிறேன். வாம்மா, போவோம்.”

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கைப்பையிலிருந்து சாவியை எடுத்தேன். நேராகப் போய்ப் பூட்டைத் திறந்தேன்.

“யாரக் கேட்டுத் தொறந்தீக?” என்று தலைமையாசிரியர் கத்தினார்.

“யாரையும் கேக்கல சார். எனக்கும் குட்டுன்னு மட்டும் எழுதிக்கங்க” என்றேன்.

இப்போதும் வருடாவருடம் எல்லோருக்கும் ‘வெரி’ எழுதுகிறேன். அவளுடையது மட்டும் என்னிடமே இருக்கிறது. பூட்டு இல்லை. அதை அன்றைக்கே முல்லைப் பெரியாற்றில் வீசிவிட்டேன்.