நல்ல நேரத்தில் படுத்துவிட்ட இணையதளம்

நாற்பத்தாறு வயதில் வெப் டிசைன் கற்ற எனக்கு, ராஜபாளையத்தில் இருந்தபடி கிடைத்த முதல் வேலை ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வி அக்காவின் பால்கோவா கடைக்கான இணையதளம். தளத்தை இணையத்தில் வைக்க இடம் தரும் ஹோஸ்டிங்குக்கு, இருப்பதிலேயே மலிவான திட்டத்தை எடுத்தேன். ஒரே நேரத்தில் சிலரைத்தான் தாங்கும் என்று அதில் எழுதியிருந்ததைப் படித்தேன். சின்னக் கடைதானே என்று கடந்துபோனேன்.

அக்கா நல்ல நேரம் குறித்தார். சரியாக ஒன்பதேகாலுக்குத் திறந்து பார்க்கும்படி, பட்டாளத்தில் இருக்கும் தம்பிகள் முதல் புதுச் சம்பந்தி வீடு வரை எல்லா வாட்ஸ்அப் குழுவுக்கும் சொல்லிவிட்டார். நானும் சிரித்தபடி தலையாட்டினேன்.

ஒன்பதேகால். எங்கெங்கோ இருந்த விரல்கள் ஒன்றாகத் தொட்டன. தளம் மழையில் நனைந்த மண்சுவராய்ச் சரிந்தது.

"ஏலே, கடையத் தொறக்கச் சொன்னா சாத்திட்டியே!" என்றார் அக்காவின் கணவர்.

"செத்த நேரத்துல சரியாயிரும்க்கா," என்றேன்.

"நல்ல நேரம் போன பொறவு எதுக்கு தம்பி? சம்பந்தி வீட்டுல சகுனம் சரியில்லங்காவ. இது வேண்டாம்," என்றார் அக்கா.

பத்து மணிக்குத் தளம் எழுந்தது. அக்காவின் மனம் எழவில்லை. மறுபடி என்னை அழைக்கவும் இல்லை.

இப்போதெல்லாம் திட்டத்தின் விலையைப் பார்க்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்: "நல்ல நேரம் பாத்துத் தொறப்பீங்களா? எம்புட்டுப் பேருக்குச் சொல்லுவீங்க?"

அன்று அக்காவிடம் கேட்டிருந்தால், எத்தனை குழு, எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணியே சொல்லியிருப்பார்.