கூட்டுக்குள் போக மறுத்த கோழிகள்

மச்சான் மௌத்தாகி அடக்கம் செய்து ஒரு மாதம் கழிந்திருக்கும், அவருடைய மனைவியும் என் அக்காவுமான ராத்தாவின் கோழிகள் கூட்டுக்குள் போக மறுக்கத் தொடங்கின. அந்தியில் மஃரிப் பாங்கு சொல்லும் நேரத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நுழைகிறவை, வாசல் வரை வந்து கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. சில மாமரத்தில் ஏறின. சில மதிலில் குந்தின. ஒரு வெள்ளைப் பேட்டுக்கோழி கிணற்றுக் கட்டில் ஏறி நின்று கத்தியது.

ராத்தா அடுப்படியில், குசினி வாசலில் இருந்து இதைப் பார்த்தாள். இத்தாக் காலம், கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டிய துக்கக் காலம். வெள்ளைச் சட்டையும் வெள்ளை முக்காடுமாக, வீட்டு வளவை விட்டு வெளியே போகாமல் இருந்தாள்.

"அவர்தானே ஒவ்வொரு நாளும் கூட்டை அடைக்கிற. அவர் இல்லையெண்டு கோழிக்கும் தெரியிது, புள்ள" என்றாள்.

மச்சான் ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீன் லொறி ஓட்டியவர். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் கோழிகளை எண்ணாமல் சாப்பிட உட்கார மாட்டார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஊர்க்கோழிகள், ஒரு சேவல், அவ்வளவுதான் அந்த வீட்டின் சத்தம். அதனால் ராத்தா சொன்னதை நானும் பாதி நம்பினேன்.

நாங்கள் இருவரும் ஒரே வளவில்தான் இருக்கிறோம். உம்மா வளவைப் பிரித்து ஆளுக்கொரு வீடு தந்தார், நடுவில் மதில் எழுப்ப விடவில்லை. என் வீட்டு முன்னறையில் அபாயா அங்கிகள் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். தையல் மெஷினில் இருந்தபடியே ராத்தாவின் பின்வளவு தெரியும். அந்த நாட்களில் மெஷினை ஓட்டுவதைவிட அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான் அதிகம். காலையில் கோழிகளுக்கு நெல்லும் தவிடும் போடுவாள். பிறகு ஓதுவாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். சமைத்துக் கொண்டுபோனால் இரண்டு வாய் சாப்பிட்டுத் தட்டை மூடி வைப்பாள்.

கோழிகளின் கொண்டை வெளிறிப்போனதை நான்தான் முதலில் கவனித்தேன். சிவப்பாக இருந்தவை பழைய துணி மாதிரி ஆகிவிட்டன. முட்டையும் நின்றது. மேய்கிற நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிறகைத் தொங்கப்போட்டு நின்றன. ஒரு காலை, அடைகாத்துக்கொண்டிருந்த கறுத்தப் பேடு கூட்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "கோழிக்குத் தொத்து வருத்தம் வந்தா ஒண்டும் மிஞ்சாது மகள். எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைச்சிட்டு மனசை ஆத்திக்க."

மாமி போன பிறகு ராத்தா மெல்லச் சொன்னாள்: "போகட்டும் புள்ள. அவர் வளத்தது அவரோடயே போகட்டும்."

அந்தச் சொல்தான் எனக்குப் பயத்தைத் தந்தது. கோழிக்காக இல்லை. அவளுடைய குரலுக்காக.

செத்த கோழியை எடுக்க நான் கூட்டுக்குள் கையை விட்டேன். எடுத்து வெளியே வைத்ததுமே கையெல்லாம் என்னமோ ஊர்ந்தது, கடித்தது. என் கறுப்பு அபாயாக் கையில் ஒன்றும் தெரியவில்லை. ராத்தா கோழியை வாங்கித் துணியில் சுற்றினாள். கொஞ்ச நேரத்தில் தன் வெள்ளைச் சட்டைக் கையைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பாருகா" என்றாள்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை, ஊசி முனையளவு செம்புள்ளிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றை விரலால் நசுக்கினாள். வெள்ளைத் துணியில் இரத்தம் கோடாக இழுபட்டது.

"இது பேனா?"

"பேன் இவ்வளவு சின்னனா இராது ராத்தா."



அடுத்த நாள் காலையில் ஒரு பேட்டைக் காய்கறிப் பையில் தலை மட்டும் வெளியே தெரிய வைத்து, தயிர்ச் சட்டி மூடியொன்றில் கோழி எச்சமும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் மிருக வைத்தியரிடம் போனேன். ஓட்டோக்காரர் வழி முழுக்க மூக்கைத் தேய்த்துக்கொண்டே வந்தார். வைத்தியர் இளம் பெண், நாவிதன்வெளிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை. ராத்தாவின் கையில் ஓடிய செம்புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன். கோழியை மேசையில் கிடத்தி, சிறகைத் தூக்கி, வால்பக்கத்து இறகுகளை விலக்கிப் பார்த்தார். எச்சத்தைக் கரைத்துக் கண்ணாடியில் தடவி நுணுக்குக்காட்டியில் வைத்தார்.

"அக்கா, இது ரெண்டும் சேந்து பிடிச்சிரிக்கு" என்றார். "வயித்துக்குள்ள பூச்சி. எச்சத்தில அதுட முட்டை நிறைய இரிக்கு, வேணுமெண்டா நீங்களும் பாருங்க. வெளிய சிவப்பு உண்ணி. இந்த உண்ணி பகல்ல கோழியில இருக்காது. கூட்டுப் பலகையில வெடிப்பு, ஆணி ஓட்டை, மூலை, அதுக்குள்ள ஒளிச்சிருக்கும். இருட்டினதும் வந்து இரத்தம் குடிக்கும். உங்கட கோழி பின்னேரத்தில கூட்டுக்குள்ள போகுதா?"

"இல்ல டொக்டர். மரத்தில ஏறுது."

"ஏறாம என்ன செய்யும்? உள்ள போனா கடி. அதுக்குத் தெரியும்."

திரும்பி வந்து ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோழிகள் மச்சானைத் தேடுகின்றன என்ற நினைப்பில் அவளுக்கு ஒரு துணை இருந்திருக்கிறது. அதை நான் உண்ணிக்குக் கொடுத்துவிட்டேனோ என்று தவித்தேன். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அப்ப மருந்து இரிக்கா?"

"ஓம். பூச்சிக்குக் குடிக்கிற மருந்தும் உண்ணிக்குத் தெளிக்கிற மருந்தும் தந்திரிக்கா. ஆனா கூட்டைச் சுட்டெரிச்சிட்டுப் புதுசு கட்டினா நல்லமாம்."

ராத்தா எழும்பி நின்றாள். "அவர் கட்டின கூட்டையா?"

அந்தக் கூட்டை மச்சான் மீன் பெட்டிப் பலகைகளையும் பழைய கட்டில் சட்டங்களையும் வைத்துக் கட்டியிருந்தார். பலகைக்குப் பலகை விரல் போகும் இடைவெளி. உண்ணிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. நான் அதைச் சொல்லப் போக, அவள் குரல் உயர்ந்தது. "சுடுறதெண்டா என்ட கோழியள் மரத்திலேயே கிடக்கட்டும்." கதவைச் சாத்திக்கொண்டாள்.

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவளே என் தையல் அறைக்கு வந்தாள். "அந்த டொக்டர்ட நம்பர் இரிக்கா? கதைச்சுத் தா" என்றாள். தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டேன். இத்தா தொடங்கியதிலிருந்து சொந்தக்காரர் தவிர யாரோடும் அவள் கதைத்ததில்லை.

"டொக்டர், பலகையைக் கழட்டிக் கொதிதண்ணி ஊத்தினா சாகாதா?"

"சாகும். ஆனா ஒவ்வொரு பலகையாக் கழட்டணும். வெடிப்பைச் சுரண்டணும், காய வைக்கணும், மருந்து அடிச்சுச் சுண்ணாம்பு பூசணும். கொதிதண்ணிக்குத் தப்பின முட்டை பொரிக்கும், அதால ஒரு கிழமை கழிச்சு மறுகா அடிக்கணும். பெரிய வேலை அக்கா."

"எனக்கு வேற வேலை இல்ல" என்றாள் ராத்தா.

வெள்ளிக்கிழமை காலை தொடங்கினோம். சட்டைக் கைகளை நான் தைக்கும் இலாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டினோம், முகத்தைத் துணியால் மூடினோம். கொதிதண்ணீர்ப் பானை அடுப்பில். நான் ஆணி பிடுங்கினேன், ராத்தா பலகையைத் தட்டினாள். முதல் பலகை கழன்றதும் மூட்டுக்குள் சாம்பலும் சிவப்பும் கலந்த ஒரு படலம் அசைந்தது. அத்தனையும் உயிர். ராத்தா பிஸ்மி சொல்லி வெந்நீரை ஊற்றினாள்.

பாதி வேலையில் அவள் ஒரு சட்டத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஆணிகள் எல்லாம் கோணலாக மடங்கி, சில பலகையைத் தொடாமலே வெளியே நின்றன. ஆணித் தலையைத் தவறவிட்டுச் சுத்தியல் மரத்தில் அடித்த பள்ளங்கள் வேறு.

"என்ன மனிசன்கா இவர்! ஒரு ஆணியாவது நேரா அடிச்சிரிக்காரா?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். துணிக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு முதலில் இருமல் மாதிரித்தான் கேட்டது. நானும் சிரித்தேன். பிறகு அவள் அந்தச் சட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் பானையில் தண்ணீர் நிரப்பினேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துவிட்டு, "அடுத்ததைத் தா" என்றாள்.

உக்கிப்போன பலகைகள் சிலவற்றை எதுவும் செய்ய முடியவில்லை. விரலால் அழுத்தினால் மாவாகக் கொட்டியது. நான் அவற்றை ஒரு பக்கமாக அடுக்கினேன். ராத்தா பார்த்தாள். தானே எடுத்துக்கொண்டுபோய் அடுப்பில் வைத்தாள். அந்த நெருப்பில் அடுத்த பானை கொதித்தது.

பூச்சி மருந்து கொடுத்தது இன்னொரு கூத்து. விடிந்ததும் தண்ணீர் வைக்காமல் தாகமாக விட்டு, பிறகு மருந்து கலந்த தண்ணீரை மட்டும் வைத்தோம். நோஞ்சான்களுக்கு டொக்டர் சொன்ன அளவில் சிரிஞ்சால் அலகுக்குள் விட வேண்டும். ராத்தா பிடிக்க நான் விட்டேன். சேவல் நழுவி என் தையல் அறைக்குள் ஓடி, தைத்து முடித்த அபாயா மீது ஏறி நின்றது. அதைக் கழுவிக் காயவைத்துத்தான் கடைக்குக் கொடுத்தேன்.

மறுநாள் எச்சத்தில் வெள்ளைப் புழுக்கள் கிடந்தன, இடியப்பத் துண்டுகள் மாதிரி நீளமாக. ராத்தா குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, "இனி எனக்கு இடியப்பம் கொண்டராத" என்றாள். எச்சத்தை ஒவ்வொரு நாளும் கூட்டி ஆழமாகப் புதைத்தோம். மாமரத்தடியில் மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழி நிரப்பினாள். கோழிகள் அதில் புரண்டு சிறகை உதறிய தூசி குசினி வரை வந்தது. அதற்கும் அவள் ஏசவில்லை. டொக்டர் சொன்ன காலம் முடியும் வரை இட்ட முட்டையை யாரும் தின்னக்கூடாது. மாமி வந்து முட்டை கேட்டபோதும் ராத்தா அதையே சொல்லிக் கொடுக்க மறுத்தாள்.

எல்லாம் பிழைத்தன என்று சொல்ல முடியாது. வெள்ளைப் பேடு மருந்து கொடுத்த பிறகும் தேறாமல் போய்விட்டது. ராத்தா அன்று சாப்பிடவில்லை. ஆனால் மறுநாள் நான் கேட்காமலே, "ரெண்டாந்தரம் மருந்தடிக்கிற நாள் வந்திட்டு, எழும்பு" என்று என்னைக் கூப்பிட்டாள்.

பலகைகளைத் திரும்ப அறைந்து சுண்ணாம்பு பூசிய கூடு வெள்ளைவெளேரென்று நின்றது. முதல் நாள் மாலையில் கோழிகள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன. ராத்தா வாசலில் நெல்லைத் தூவி, மச்சான் கூப்பிடுவது மாதிரி நாக்கைச் சொடுக்கினாள். சேவல் முதலில் போனது. பின்னால் இரண்டு பேடுகள். மற்றவை ஒரு கிழமையில் பழகின. ஒன்று மட்டும் இன்றைக்கும் மாமரத்தில்தான் அடைகிறது. அதை விட்டுவிட்டோம்.

கொண்டைகள் சிவக்கச் சிவக்க ராத்தாவின் தட்டில் மிஞ்சும் சோறும் குறைந்தது. உப்புப் பார்த்துக் குறை சொல்லவும் தொடங்கினாள்.

இத்தா முடிந்த கிழமை, முதன்முதலாக எங்கே போகப் போகிறாள் என்று சொந்தக்காரர் எல்லோரும் கேட்டார்கள். சாய்ந்தமருதில் உம்மாவின் தங்கை, எங்கள் சாச்சி, சமைத்து வைத்துக் காத்திருந்தார். ராத்தா நீல நிற அபாயா ஒன்று தைத்துத் தரச் சொன்னாள். அதைப் போட்டுக்கொண்டு, "முதல்ல டொக்டரிட்டப் போவம்" என்றாள்.

அவள் வாயைத் திறந்ததும் டொக்டர் குரலை வைத்தே ஆளைப் பிடித்துக்கொண்டார். "கொதிதண்ணி அக்காவா?" என்று எழும்பி வந்தார். குஞ்சுகளுக்குத் தடுப்பூசி எப்போது போடுவது, கூட்டை நிலத்திலிருந்து எவ்வளவு உயர்த்தினால் நல்லது, பூச்சி மருந்தை வருடத்தில் எத்தனை தரம் கொடுப்பது என்று ராத்தா கேட்டுக்கொண்டே போனாள். நான் கேட்க நினைக்காத கேள்விகள். எனக்குப் பின்னால் ஆடு பிடித்துக்கொண்டு நின்றவர்கள் பொறுமை இழந்து செருமினார்கள். அவள் கவனிக்கவேயில்லை.

நான் வெளியே வந்து வாகை மர நிழலில் நின்று சாச்சிக்கு அழைத்தேன். "கொஞ்சம் சுணங்கும் சாச்சி" என்றேன். "ராத்தா கதைச்சிட்டிரிக்கா."