சாப்பாட்டு மணிக்கு முன் கரைத்த பொடி

அந்த மருந்துத் தொழிற்சாலையில் அவளை ‘மெதுவாக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். போரோஹைட்ரைடு என்கிற வெள்ளைப் பொடியை யார் கையில் எடுத்தாலும், “மெதுவா, மெதுவா” என்று பின்னாலேயே வந்து நிற்பாள். கேலிப் பெயர்தான். ஆனால் அந்தக் கட்டடத்தில் இத்தனை வருஷத்தில் ஒருத்தர் புருவம்கூடக் கருகவில்லை என்றால், அது அவள் புண்ணியம். வேதியியல் படித்தவள், பிரிவுக்கே பொறுப்பாளர். அலட்டல் மட்டும் மருந்துக்கும் கிடையாது.

அப்பேர்ப்பட்டவளின் பிரிவில் சரக்கு அடுத்தடுத்துக் கெட்டது. பொடியைப் போட்டும் வேதிவினை பாதியிலேயே நின்றுவிடும். மேலாளர் உட்கார்ந்து யோசித்தாரா? எங்கே! விலை அதிகமான பொடி, எடை போடுகிறவன் கையாடுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார். எடை போடுகிறவன் மெதுவாக்காவின் கொழுந்தன். அவள் சொல்லித்தான் வேலைக்கே வந்தான். வாரக் கடைசிக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால், திருடன் என்ற பெயரோடு அவன் வெளியே போக வேண்டியதுதான்.

“அண்ணி, நான் எடுக்கலன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்” என்று கெஞ்சினான்.

“நான் சொன்னா, சொந்தக்காரனுக்காகப் பேசுறேன்னுதான் சொல்வாங்க. காரணத்தைக் கண்டுபிடிப்போம், இரு.”

அவன் முகம் தொங்கிப்போயிற்று.

மறுநாள் அவள் வினை நடக்கும் கலன் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால், ஆட்கள் பொடியை மெத்தனாலில் போட்டு, வாயு போகக் குழாயைத் திறந்துவிட்டு, கை கழுவக் கிளம்பினார்கள். திரும்பி வந்ததும் கலனில் விடத் தயாராக இருக்குமாம். கரைசல் நுரைத்துக்கொண்டிருந்தது.

“நல்லா கரையுது பாத்தீங்களாக்கா” என்றார் கலன்காரர். மெதுவாக்கா குனிந்து நுரையைப் பார்த்தாள்.

பழைய மருந்துக்கு இதே பொடியைக் காஸ்டிக் சோடா கலந்த தண்ணீரில் கரைப்பார்கள். அந்தக் காரத்தில் அது சமர்த்தாக இருக்கும். முன்கூட்டியே கரைத்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போங்கள் என்று அன்று பழக்கிவிட்டது அவள்தான். புது மருந்துக்கு மெத்தனால் வந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை. மெத்தனால் பொடியைச் சும்மா விடாது, அதைச் சிதைத்து ஹைட்ரஜனாகக் கிளப்பிவிடும். கரைகிறது என்று இவர்கள் பார்த்துப் பூரித்ததெல்லாம் பொடி வீணாகிற நுரை.

அடுத்த நாள் மேலாளரை ஆய்வகத்துக்கு அழைத்து, பொடியை அவர் கையாலேயே எடை போட வைத்தாள். ஒரு பங்கு மெத்தனாலில், இன்னொரு பங்கு காஸ்டிக் தண்ணீரில்.

“சாப்பிட்டுட்டு வாங்க சார். கதவைப் பூட்டி சாவியை நீங்களே வெச்சுக்குங்க.”

அவர் வந்ததும், புகை இழுக்கும் பெட்டிக்குள் வைத்து இரண்டிலும் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். காரம் அடங்கியதும் காஸ்டிக் தண்ணீர் புசுபுசுவென்று பொங்கியது. மெத்தனாலில் பேருக்கு நாலு குமிழி.

“பொடி மிச்சம் இருந்தாத்தான் சார் பொங்கும். இது நீங்க எடை போட்ட பொடி. நீங்களா எடுத்தீங்க?”

மேலாளர் அசடு வழிந்தார். அந்தக் கோபத்தில், “முன்னாடியே கரைச்சு வைக்கச் சொன்னது யாரு?” என்றார். ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

“நான்தான் சார். மெத்தனால் வந்தப்ப மாத்தச் சொல்ல மறந்துட்டேன்.”

பொறுப்பாளர் பதவி அங்கேயே போயிற்று. அநியாயம் என்றுதான் நான் சொல்வேன். திருட்டுப் பட்டம் கட்டின மனுஷன் நாற்காலியில் இருக்கிறார், உண்மையைச் சொன்னவள் இறங்கினாள். ஆனால் அவள் முணுமுணுக்கக்கூட இல்லை.

சாயங்காலம் வாசலில் கொழுந்தன் நின்றிருந்தான். “யாரு என்ன சொன்னாலும் நீங்க என்னை ஒரு நிமிஷம்கூட சந்தேகப்படல, இல்லண்ணி?”

சும்மா தலையாட்டியிருந்தால் போதும்.

“பட்டேன்டா” என்றாள். “அவரை எடை போட வெச்சது எனக்காகவும்தான்.”

அவன் ஓரடி தள்ளி நின்றான்.

“இப்போ?”

“இப்போ இல்ல.” அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.