கருப்பசாமி கதவின் முன் கேட்ட சத்தியம்

என் எழுத்து ஒரு வரியில் நிமிர்ந்து நிற்கும், மறுவரியில் சாய்ந்துவிடும். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ர’ போடுவது என்று இன்னும் தடுமாறுகிறேன். வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

கல்யாணமான புதிதில் மதுரையில் வைகைக் கரையை ஒட்டிய ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் கடிகாரம் பழுது பார்த்தேன். அதற்கும் முன் ஒரு நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தேன். எதையும் வெறுத்து விடவில்லை. யாராவது ஒரு காரியத்தைக் கவனமாகச் செய்வதைப் பார்த்தால் என் கை ஊறும், அவ்வளவுதான். கற்றுக்கொள்ளும்வரை சோறு இறங்காது. கற்றதை விட்டுவிடவும் மனம் வராது. சாயம் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, யாருடைய கடிகாரத்தையாவது திறந்து வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் கீழமாசி வீதிப் பக்கம் ஒரு கொட்டகையில், நாடகப் படுதாவில் ஒருவர் அரண்மனை வரைந்துகொண்டிருந்தார். தட்டைத் துணியில் தூண்கள் வரிசையாக உள்ளே போயின. நான் அங்கேயே நின்றுவிட்டேன். மறுநாளிலிருந்து பட்டறைக்குப் போகவில்லை. வீட்டில் சொல்ல நாக்கு எழவில்லை. தூக்குவாளியை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பி, கொட்டகைக்குப் போய்ச் சாயம் குழைத்துக் கொடுத்தேன்.

குழாயடியில் ஒரு பெண் என் மனைவியிடம் கேட்டுவிட்டாள். “ஏன்டி, ஒம் புருசன் பட்டறையிலேருந்து நின்னுட்டாராமுல்ல? ஒனக்கே தெரியாதா?”

அன்றைக்கே அவள் பெட்டியோடு வாடிப்பட்டிக்கு, அவள் அய்யா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்போது முழுகாமல் இருந்தாள்.

அடுத்த வாரம் அவளுடைய அண்ணன் வந்தார். “என்ன மாப்ள, இந்த வாரம் என்ன உத்தியோகம்? ஆர்மோனியமா, கடிகாரமா, இல்ல ஆகாசக் கப்பலா?” என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு சொன்னார். “அய்யா மில்லுல வேலைக்குச் சொல்லி வச்சிருக்காரு. அந்த ஒரே வேலைதான்னு அழகர்கோவில்ல வந்து சத்தியம் பண்ணுங்க. பண்ணுனா தங்கச்சி வருவா.”

எங்கள் பக்கத்தில் தீராத வழக்கெல்லாம் அங்கேதான் போய் முடியும். கருப்பசாமி காவல் நிற்கும், சந்தனம் பூசிய அந்தக் கதவின் முன் சூடத்தைக் கொளுத்துவார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே வாயைத் திறக்க யோசிப்பான். பொய்ச் சத்தியம் வம்சத்தைத் தொடும் என்று பயம்.

நான் அங்கே போனபோது மூன்று பேரும் வந்து காத்திருந்தார்கள். மாமனார் கல்லின்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். மனைவி முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்து நின்றாள்.

“சொல்லுங்க மாப்ள. மில்லு வேலை ஒண்ணுதான், சாகுற மட்டும் வேற எதையும் தொட மாட்டேன்னு.”

சொன்னால் அவள் வந்துவிடுவாள். ஆனால் ஒரு மாதம்கூட என் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அப்புறம் அந்தச் சத்தியம் அவள் வயிற்றில் இருப்பதை அல்லவா போய்த் தொடும்?

“மில்லு வேலை...” என்று தொடங்கினேன். தொண்டை அடைத்துக்கொண்டது. சூடம் உருகி, சிறுத்து, தானாகவே அணைந்தது.

“நாடகக்காரருக்கு வசனம் மறந்துபோச்சு!” என்றார் மச்சான். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் இன்னொரு சூடத்தைக் கொளுத்தினார்.

“என்னால முடியாது மாமா” என்றேன்.

“அப்ப பொண்டாட்டி வேணாமா?”

“வேணும்.”

“அம்புட்டுத்தானா பேச்சு?”

அப்போதுதான் என் மனைவி முன்னால் வந்தாள்.

“இருங்கய்யா. இவரு பொய்யா ஒண்ணச் சொல்லிட்டுப் போனா யாரு தலையில விழும்? இவரு எத்தனை வேலை பாத்தா எனக்கென்ன? ஊருக்கெல்லாம் தெரிஞ்சு, கடைசியா குழாயடியில எனக்குத் தெரியுது பாருங்க, அதுதான் பொறுக்கலை.” பிறகு என்னிடம் திரும்பினாள். “எதை விட்டாலும் எதைத் தொட்டாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லணும். இப்ப வேணாம்னு நான் சொன்னா நிக்கணும். இதையாவது சொல்ல முடியுமா, இல்ல இதுக்கும் தொண்டை அடைக்குமா?”

சொன்னேன். அவள் கேட்டதை ஒரு சொல் விடாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டுச் சூடத்தின்மேல் கையை வைத்தேன். நெருப்பு அணைந்த பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. அவள்தான் பிடித்து எடுத்தாள்.

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். “மில்லுக்காரன்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?”

“வேற ஆளப் பாத்துக்கச் சொல்லுங்கய்யா.”

மதுரை வரை எல்லோரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். அவள் மனம் மாறிவிடுமோ என்று வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இறங்கியதும், வாடிப்பட்டி பஸ் நின்ற பக்கம் மாமனார் நடந்தார். அவள் நகரவில்லை.

“ஒம் பெட்டி அங்கல்ல இருக்கு?” என்றார் அவர்.

“அண்ணே கொண்டாரட்டும்” என்றாள்.

அதற்குப் பிறகும் படுதா வரைந்தேன், போட்டோ பிடித்தேன், மாங்கன்று ஒட்டுக் கட்டப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் அடுப்படி வாசலில் நின்று முதலில் அவளிடம் சொன்னேன். சில தடவை வேண்டாம் என்றாள். அப்போதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். சுலபமாக இல்லை.

மதுரை,
பார்த்திப வருஷம், தை மாதம் பத்தாம் தேதி.