யானை பேசக் கூடாது

அந்த யானைத் தலையின் வாய்க்குள் ஒரு கறுப்பு வலை இருந்தது. உள்ளே நிற்பவன் அதன் வழியாகத்தான் உலகத்தைப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அமெரிக்க நிறுவனம் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் திறந்த கேளிக்கைப் பூங்காவில், அந்தத் தலையை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குக் கையசைப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவனுக்கு, அகதியாக வந்த இடத்தில் கிடைத்தது அதுதான். யானை பேசக் கூடாது, பிள்ளைகள் முன் தலையைக் கழற்றக் கூடாது. மீறினால் அன்றைக்கே சீட்டுக் கிழியும்.

சட்டம் போட்டவர் எங்கள் மேலாளர், அமெரிக்கப் பெண்மணி. கெட்டவரல்ல. இந்த நாட்டுக்கு ஏற்றபடி பூங்காவை மாற்ற உண்மையாகவே பாடுபட்டார். நாள் முழுக்கச் சிரிக்கச் சொன்னதற்கு இங்கத்தைய இளைஞர்கள் முகம் சுளித்தபோது, அதை விட்டுவிட்டார். தீபாவளிக்கு எங்கள் ஆட்களை அழைத்துக் குடும்ப நாள் நடத்தியபோது, மாட்டிறைச்சியை நிறுத்தினார், வாசலில் கோலம் போடச் செய்தார், கடைசியில் யானைக்கும் பட்டு வேட்டி கட்டி மாலை போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. என்ன நடக்கப் போகிறது என்று எனக்குமே தோன்றவில்லை.

யானை முகம், வேட்டி, மாலை. எங்கள் சனத்துக்கு வேறென்ன வேண்டும்? முதலில் ஒருவர் செருப்பைக் கழற்றினார். மலேசியத் தமிழர் ஒருவர் தோப்புக்கரணம் போட்டார். பிறகு வரிசையே நின்றது. நகரின் மவுண்ட் வெல்லிங்டன் பகுதியில் இருந்து வந்த யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், கைப்பையில் இருந்து கற்பூரத்தை எடுத்து என் காலடியில் வைத்துக் கொளுத்தினார்.

"பிள்ளையாரப்பா, என்ர மோன் கொழும்பில நிக்கிறான். அவனுக்கு விசாவைக் குடுத்திடப்பா."

கண்ணை மூடி அழுதார். வலைக்குள்ளிருந்து அவர் முகம்தான் தெரிந்தது, என் கால் தெரியாது. சுட்ட பிறகுதான் வேட்டியில் நெருப்புப் பிடித்தது விளங்கியது. தலைக்குக் கொக்கி பின்னால், தனியே கழற்ற முடியாது. சட்டமாவது மண்ணாங்கட்டியாவது!

"ஐயோ அம்மா, நெருப்பு! நெருப்பு!"

யானை தமிழில் பேசியதும் அந்த அம்மா அப்படியே விழுந்து கும்பிட்டார். பின்னால் நின்றவர்களும் விழுந்தார்கள். தண்ணீருக்கு ஓட ஒருவருமில்லை. இவ்வளவு தூரம் உயிர் தப்பி வந்தது யானைத் தோலுக்குள் வேகத்தானா என்று நான் அலறினேன். கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தவர் மேலாளர்தான். வேட்டியை உருவி மிதித்தார். அத்தனை பிள்ளைகள் முன்னாலும் தன் கையாலேயே தலையைப் பிடுங்கினார். பிள்ளைகள் வீரிட்டன.

அம்மா நிமிர்ந்தார். வியர்வை வழியும் என் முகத்தையும், மேலாளர் கையில் இருந்த யானைத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, அப்ப என்ர பிள்ளையின்ர விசா?"

என்ன கேட்கிறார் என்றார் மேலாளர். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒரு கையால் அந்தத் தலையை அணைத்தபடி, மற்றக் கையை அம்மாவின் தோளில் வைத்தார்.

"கிடைக்கும் அம்மா" என்று நான்தான் சொன்னேன்.

என் வேலை போகவில்லை. யானைக்கு மட்டும் மறுநாளே பழைய காற்சட்டை திரும்பி வந்தது. இப்போது அந்தப் பூங்கா இல்லை. கோயிலில் கற்பூரம் காட்டும்போது எல்லோரும் சுவாமியைப் பார்க்கிறார்கள். நான் திரும்பிக் கண்மூடி நிற்கும் முகங்களைப் பார்க்கிறேன். வலைக்குள் நின்று அந்த வேண்டுதலைக் கேட்டவன் நான். பிள்ளை வந்து சேர்ந்தானா என்று யாரிடம் கேட்பது?