அடை காத்த பெட்டி

அம்மாவை ஊர்களில் குழு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் சொந்தப் பெயர் அலுவலகத்தில் மட்டும் இருந்தது. அங்கேயும் சம்பள நாளில்தான் அது யாருக்காவது தேவைப்பட்டது.

அலுவலகம் என்றால் இரண்டு அறைகளும் ஒரு இரும்பு பீரோவும். சிறிய தொண்டு நிறுவனம். வங்கிக்காரர்கள் உட்காரக்கூடச் சொல்லாத கிராமத்துப் பெண்களுக்குத் தொழில் செய்யக் கடன் கொடுத்தார்கள். நகை, நிலம் எதுவும் கேட்கவில்லை. ஐந்து பெண்கள் சேர்ந்தால் ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்ற நால்வரும் அவளுக்காகக் கட்ட வேண்டும். அதுதான் அடமானம். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அம்மா இந்தக் குழுக்களை நடத்திக்கொண்டிருந்தாள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. கூட்டத்துக்கு ஒருத்தி வரவில்லை என்றால் மற்றவர்களை அவள் வீட்டுக்கு அனுப்பமாட்டாள். தான் மட்டும் போவாள். நாலு பேர் போய் வாசலில் நின்றால் தெரு கூடிவிடும். அப்புறம் அந்தப் பெண் கடனை அடைத்தாலும் குழுவில் வந்து உட்காரமாட்டாள் என்பது அம்மாவின் எண்ணம். போன இடத்தில் தவணை என்ற பேச்சையே எடுக்கமாட்டாள். "தண்ணி குடுடி, கால் கடுக்குது" என்று உட்கார்ந்துவிடுவாள். பிறகு சும்மா இருப்பாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே வாயைத் திறப்பாள். புருஷன் பணத்தைத் தூக்கிக்கொண்டு போனது, சரக்கு எடுத்தவன் நாமம் போட்டது, எல்லாம் வரும். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி, மூஞ்சியக் கழுவிட்டு வா" என்று கையோடு கூட்டி வருவாள்.

மேனேஜர் கிண்டல் செய்வார். "உங்கம்மா வசூலுக்குப் போறாங்களா, சம்பந்தம் பேசப் போறாங்களா?"

அம்மா கடைசியாகச் சேர்த்த குழுவில் முட்டைக்காரம்மா இருந்தார். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. கோழி வளர்க்கத் தெரியும். முட்டையாக விற்பதைவிடக் குஞ்சாக விற்றால் காசு என்று அம்மாவிடம் சொன்னவர் அவர்தான். குஞ்சு பொரிக்கும் மின்சாரப் பெட்டி ஒன்றுக்குக் கடன் கேட்டார். நான் மின் பொறியாளர். அம்மா பெட்டியின் படத்தை எனக்கு அனுப்பினாள். சூட்டைத் தானே சீராக வைத்துக்கொள்ளும், முட்டைகளைத் தானே திருப்பிவிடும். நல்ல பெட்டி. வாங்கலாம் என்றேன்.

பெட்டி வந்து இறங்கிய அன்று முட்டைக்காரம்மா சந்தோஷப்படவில்லையாம். "கட்ட முடியலன்னா இதத் தூக்கிட்டுப் போயிருவீங்களா அக்கா?" என்று கேட்டாராம்.

"எவ தூக்குவா? நான் இருக்கிற வரைக்கும் இது உன் வாசலத் தாண்டாது."

அம்மாவே இதை என்னிடம் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

பிறகு அம்மாவின் இதயம் கெட்டது. கால் வீங்கியது, படுத்தால் மூச்சு முட்டியது. டவுன் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள் இடத்துக்கு அலுவலகம் ஒரு புது ஆளை அனுப்பியது. பைக்கை விட்டு இறங்காமலே கூட்டம் நடத்துகிறவன்.

அந்த நேரம் பார்த்து முட்டைக்காரம்மாவின் குஞ்சுகளுக்குச் சீக்கு வந்தது. ஒரே தடவையில் பொரித்த ஈடு முழுக்கப் போய்விட்டது. கடனுக்கு முட்டை வாங்கி அடுத்த ஈடு வைத்தார். தவணைக்குக் கையில் ஒன்றுமில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போகவில்லை. மற்ற நால்வரும் அவருக்காகக் கட்டினார்கள். அடுத்த முறையும் கட்டினார்கள். அதற்கடுத்த முறை முடியாது என்றார்கள்.

புது ஆள் சொன்னானாம்: "முழுப் பணம் வராம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. அவங்க வரலன்னா நீங்க போய்க் கேளுங்க."

போனார்கள். தையல்காரம்மா, பால்காரம்மா, கீரைக்காரம்மா, சோப்புக்காரம்மா. குழுத்தலைவி தையல்காரம்மா. வாசலில் வார்த்தை தடித்தது. கடைசியில் பெட்டியைத் தூக்கினார்கள், பணம் வரும்வரை தலைவி வீட்டில் இருக்கட்டும் என்று. உள்ளே முட்டைகள் இருந்தன. இன்னும் மூன்று நாளில் பொரிக்க வேண்டியவை.

மறுநாள் காலை முட்டைக்காரம்மா அம்மாவுக்குப் போன் செய்தார். நான் கட்டில் பக்கத்தில் இருந்தேன்.

"பொட்டி போச்சுக்கா."

"முட்டை?"

"உள்ளதான் இருந்துச்சு."

அம்மா போனை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாள். டாக்டர் தடுத்தார். நான் தடுத்தேன். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டாள். "நீ வர்றதுன்னா வா. பொட்டியப் பத்தி உனக்குத்தானே தெரியும்."

தையல்காரம்மாவின் வீடு ஒரே அறை. ஜன்னல் சிறியது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் பெட்டியை வைத்து, வெட்டாத துணி ஒன்றைப் போர்த்தியிருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"அக்கா, பத்திரமாத்தான் வெச்சிருக்கேன். தூக்கிட்டு வர்ற நேரம் மட்டுந்தான் கரண்டு இல்ல. கோழிகூட எந்திரிச்சுத் தீனி திங்கப் போகுதில்ல? வந்ததும் பிளக்க சொருகிட்டேன். வேணும்னா பாருங்க."

பார்த்தேன். பிளக் சரியாகச் சொருகியிருந்தது. பெட்டியின் விளக்கு எரியவில்லை. சுவரில் இருந்த லைட் ஸ்விட்சைப் போட்டேன். டியூப்லைட்டோடு சேர்ந்து பெட்டியும் எரிந்தது. லைட்டுக்குப் போகும் ஒயரிலிருந்தே பிளக் பாயிண்டுக்கும் இணைப்பு எடுத்திருந்தார்கள். பகலெல்லாம் லைட்டைப் போட்டுத்தான் அவர் தைப்பார். அதனால் இத்தனை வருடம் அது தெரியவரவில்லை. அன்று அவர் இன்னும் தைக்கத் தொடங்கியிருக்கவில்லை.

"ராத்திரி லைட்ட அணைச்சீங்களா?"

"அணைக்காம எப்படிம்மா தூங்குறது?"

"ரெண்டும் ஒரே ஸ்விட்ச்."

 அது புரிந்ததும் அவர் மெஷின் பலகையைப் பிடித்துக்கொண்டார். அம்மா பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்கு," என்றாள். பிறகு, "நாலு பேரையும் கூப்பிடு. எடுத்தவங்களே கொண்டுபோய் வைக்கட்டும்."

நால்வரும் தூக்கினார்கள். அம்மா பின்னால் நடந்தாள். வீங்கின காலில் செருப்பு நுழையாமல் பாதியில் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். நான் பிடிக்கப் போனால் தட்டிவிட்டாள்.

முட்டைக்காரம்மா படியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வழி விட்டார். பெட்டி உள்ளே போவதைப் பார்க்கவில்லை.

"நீங்க இருக்கிற வரைக்கும்னு சொன்னீங்க," என்றார்.

"இருக்கேன்ல," என்றாள் அம்மா.

நான் சூட்டைச் சரிசெய்தேன். போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்துப் பார்த்தேன். உயிர் இருந்தால் அந்தப் பருவத்தில் நிழல் அசைய வேண்டும். பெரும்பாலானவற்றில் அசையவில்லை. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"இஞ்சினியர் பேச்ச அப்புறம் கேட்டுக்கலாம். நீ சூட்டப் பாரு."

ஆஸ்பத்திரிக்குத் திரும்ப மறுத்துவிட்டாள். இந்த ஈடு பொரித்தால் பாக்கித் தவணை முழுக்க வந்துவிடும், பெட்டி இங்கேயே இருக்கும், ஐந்து பேரும் மறுபடி ஒன்றாக உட்காருவார்கள். அவளுக்கு அதுதான் வேண்டும். படுக்க முடியாததால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். மாத்திரை, தண்ணீர், பெட்டியின் கண்ணாடி. வேறு எதையும் பார்க்கவில்லை. முதல் நாள் நால்வரும் வந்து எட்டிப்பார்த்தார்கள். அப்புறம் தையல்காரம்மா மட்டும் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

பொரிக்க வேண்டிய நாள் ஓடு விரிந்தது ஒன்பது. அதில் இரண்டு உலர்வதற்குள் செத்தன. மறுநாள் வரை காத்திருந்தோம். பிறகு முட்டைக்காரம்மா மிச்சத்தில் ஒன்றை எடுத்துத் தரையில் தட்டி உடைத்தார். உள்ளே முழுக் குஞ்சு. இறகு, நகம், மூக்கு எல்லாம் முடிந்திருந்தது.

அவர் அடுத்ததை உடைக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "பொட்டிய எடுத்துக்கோங்கக்கா," என்றார். "கடன் கழிஞ்சாப் போதும். இவங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டு என்னால உக்கார முடியாது."

அம்மா அவரையே பார்த்தாள். "தண்ணி குடுடி," என்றாள்.

கொடுத்தார். அம்மா மெதுவாகக் குடித்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். சும்மா இருந்தாள். நானும் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். ஏழு குஞ்சுகளும் அட்டைப்பெட்டியில் கத்திக்கொண்டிருந்தன. முட்டைக்காரம்மா உடைந்த ஓட்டைக் கூட்டி அள்ளினார், துணியை மடித்தார், குஞ்சுகளுக்கு நொய் போட்டார். அம்மா காத்திருந்தாள். வெயில் வாசலை விட்டுப் போனது. அவர் வாயைத் திறக்கவே இல்லை.

கடைசியில் அம்மாதான் எழுந்தாள். அப்போது என் கையைப் பிடித்துக்கொள்ள விட்டாள்.

ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்த்தபோது நுரையீரலில் நீர் நிறைய இருந்தது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.  அம்மா ஒருமுறை ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "அவ பேசவே இல்லடி," என்றாள். "திட்டுவான்னு நெனச்சேன். திட்டியிருந்தா வந்திருப்பா."

"பேசாதம்மா. மூச்சு வாங்குது."

"டாக்டர் மாதிரி நீயும் அதையே சொல்லு," என்றாள்.

அந்த வாரமே போய்விட்டாள்.

அடக்கத்துக்கு நிறைய குழுக்கள் வந்தன. குழு குழுவாகவே நின்றார்கள், பழக்கம். தையல்காரம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். முட்டைக்காரம்மா வரவில்லை.

ஒரு மாதம் கழித்து அம்மாவின் அடையாள அட்டையையும் குடையையும் ஒப்படைக்க அலுவலகம் போனேன். குடை ஆபீஸ் குடையாம். பீரோவுக்குப் பக்கத்தில் பெட்டி இருந்தது. ஒயரைச் சுருட்டி மேலே வைத்திருந்தார்கள்.

"அவங்களே வண்டி வெச்சுக் கொண்டாந்து இறக்கிட்டாங்க," என்றார் மேனேஜர். "டவுன்ல கோழிக்கடையில உரிக்கிற வேலைக்குப் போறாங்களாம். அஞ்சு பேர் இல்லாததால அந்தக் குழுவ மூடிட்டோம்." பெட்டியைக் காட்டினார். "அம்மா இருந்தா கேட்டிருப்பேன். வேற ஊர்ல ஒருத்தங்க இதக் கேக்குறாங்க. நல்லா இருக்கான்னு பார்த்துச் சொல்றீங்களாம்மா?"

ஒயரைப் பிரித்துச் சொருகினேன். தட்டை வெளியே இழுத்தேன், கழுவித்தான் கொடுத்திருந்தார். சூடு ஏறும்வரை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முட்டை திருப்பும் மோட்டார் ஒருமுறை ஓடி நின்றது. சூடு சரியான அளவில் வந்து நின்று அங்கேயே இருந்தது.

"வேலை செய்யுது சார்," என்றேன்.